வீட்டில் காய்ச்சும் கோப்பியில் உங்களுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்தல்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் கோப்பித்தூள் என்று போத்தலில் இருப்பது ஒரு கலவை. நன்றாகக் கறுக்க வறுத்த கோப்பிக்கொட்டையோடு மல்லியும் சுக்கும், சில வீடுகளில் நற்சீரகமும் ஏலமும் மிளகும் சேர்த்து இடித்தோ மில்லில் கொடுத்து அரைத்தோ எடுத்த தூள் அது. அதனோடு பாலும் சீனியும் சேர்ந்துவிட்டால், நாக்கில் படுவது எதன் சுவை என்று பிரித்துச் சொல்வது பழகியவருக்கும் கடினம். தனக்குக் கோப்பி பிடிக்காது என்பவர் கருகலைத்தான் வெறுக்கிறாராக இருக்கலாம். கோப்பி இல்லாமல் காலை விடியாது என்பவர் தேடுவது மல்லியின் வாசமாக இருக்கலாம். ஆகவே பிடித்த கோப்பியைத் தேடத் தொடங்குபவர் முதலில் கொட்டை, தண்ணீர், அரைப்பு, வறுவல், சேர்மானம் ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சுவைத்துப் பார்க்கவேண்டும். பிரித்து அறிந்த பின்னர், வேண்டியதை வேண்டிய அளவில் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு கேத்தல், மூடியுள்ள ஒரு சாடி, தேநீர் வடி, ஒரு துண்டு வெள்ளைப் பருத்தித் துணி, கிராம் காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு, நேரம் பார்க்க ஒரு கைபேசி, குறித்துவைக்க ஒரு கொப்பி ஆகியவை போதும். இவற்றுள் புதிதாக வாங்கவேண்டியிருப்பது தராசு மட்டுமே. அதையும் கடன் வாங்கலாம்.

முதற்படி: கொட்டையைத் தெரிந்து வாங்குதல்

உலகச் சந்தைக்கு வரும் கோப்பியில் ஏறக்குறைய முழுவதும் இரண்டு இனங்களுக்குள் அடங்கும். அராபிக்கா எத்தியோப்பியாவின் மலைப்பகுதிக்குரியது. குளிர்ந்த உயர்நிலத்தை விரும்புவது. பழப்புளிப்பும் மெல்லிய இனிப்பும் வாசனையும் கொண்டது. ரொபஸ்டா ஆபிரிக்காவின் தாழ்நிலக் காடுகளிலிருந்து வந்தது; வெப்பத்தைத் தாங்குவது; கசப்பும் கனமும் மிகுந்தது. கஃபீன் அராபிக்காக் கொட்டையில் ஏறத்தாழ 1.2 சதவீதமும் ரொபஸ்டாவில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலும் இருக்கும். ஒரே அளவு தூள் இட்ட இரண்டு கோப்பைகளுள் ஒன்று மட்டும் நெஞ்சைப் படபடக்கச் செய்தால், காரணம் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான்.

நம் வீடுகளில் ரொபஸ்டாச் சுவையே கோப்பிச் சுவையாக நிலைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் மலையகம் முழுவதும் பயிரிடப்பட்டது அராபிக்காதான். 1869 ஆம் ஆண்டு பதுளைப் பக்கத்து மடுல்சீமையில் முதன்முதலாக அடையாளங்காணப்பட்ட இலைத்துரு நோய், ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசால் வருவது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தோட்டங்களை அது பெரும்பாலும் அழித்துவிட, அவ்விடங்களில் தேயிலை ஏறியது. அந்நோயைத் தாங்கக்கூடிய ரொபஸ்டா பின்னர் வந்து சிறு தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் தங்கிவிட்டது. இன்று உயர்ந்த மலைப்பகுதிகளில் அராபிக்காவை மீண்டும் கவனமெடுத்துப் பயிரிட்டு, வறுத்த திகதியோடு விற்பவர்கள் இருக்கிறார்கள். எனினும் சந்தைக் கடையில் சாக்கில் கிடக்கும் கொட்டையை, வேறு எதுவும் சொல்லப்படாதவரை, ரொபஸ்டா என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

நமது கரையோரச் சமவெளி கோப்பிக்கு ஏற்றதல்ல. ஆனால் கோப்பி விளையும் நாடு நமக்குத் தூரமுமல்ல. செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் பயணம் செய்பவர்கள், வழியிலுள்ள ஊர்ச் சந்தைகளிலும் பதுளை, பண்டாரவளைச் சந்தைகளிலும் விசாரித்தால் உலர்ந்த பச்சைக் கொட்டையும் வறுத்த கொட்டையும் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் உறவினரோ உடன் வேலைசெய்பவரோ இருந்தால் இன்னும் நல்லது. யாருடைய வளவில் காய்த்தது, எப்படி உலர்த்தியது என்பதையும் கேட்டு அறியலாம். தரமான அராபிக்காவுக்கு, கொழும்பிலும் கண்டியிலும் வறுத்துப் பொதிசெய்து தபாலில் அனுப்புபவர்களை நாடவேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் சுவைத்துப் பார்க்க விரும்புபவருக்கு நம் கரையிலேயே ஒரு வாய்ப்பு உண்டு. பொத்துவில் அறுகம்பையில், அலைச்சறுக்குக்கு வெளிநாட்டவர் வரும் சித்திரை, வைகாசி முதல் ஐப்பசி வரையான காலத்தில், இயந்திரத்தில் நல்ல கோப்பி எடுக்கும் சிறு கடைகள் இயங்குகின்றன. அங்கே சென்று, பாலும் சீனியும் இல்லாமல் ஒரு கோப்பை கேட்டுக் குடித்துவிட்டு, என்ன கொட்டை, எங்கே வறுத்தது என்று விசாரியுங்கள். விலை நம் ஊர்த் தேநீர்க்கடை விலையாக இருக்காது. ஆயினும் பிடிக்காத கோப்பியில் கால் கிலோ வாங்கி வைத்துக்கொண்டு முழிப்பதைவிட அது மலிவு.

முதல் ஒப்பீட்டுக்கு மூன்று வகை போதும்: மலைச் சந்தையிலிருந்து ஒரு ரொபஸ்டா, வறுத்த திகதி குறித்த ஓர் இலங்கை அராபிக்கா, ஏற்கெனவே வீட்டிலுள்ள தூள். வாங்கும் இரண்டிலும் 100 கிராமுக்கு மேல் எடுக்கவேண்டாம். கடைக்காரர் அரைக் கிலோவுக்கு விலை குறைத்துத் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பொதியில் வாங்கும்போது பார்க்கவேண்டியது முதலில் வறுத்த திகதி. பல பொதிகளில் காலாவதித் திகதி மட்டுமே இருக்கும். அதிலிருந்து கோப்பியின் வயதை அறிய முடியாது. அடுத்துச் சேர்பொருட்கள். இந்தியாவிலிருந்து வரும் வடிகோப்பித் தூள்களில் சிக்கரி என்னும் வறுத்த வேரின் தூள் கலந்திருப்பது வழக்கம். அது தவறான பொருளல்ல, ஆனால் கோப்பியின் சுவையை அறிய முற்படும் நேரத்தில் குறுக்கே நிற்கும். ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரின் மேல் சிறிது தூளைத் தூவினால், கோப்பி சற்று நேரம் மிதக்கும். சிக்கரி நிறத்தைக் கோடாக இழுத்துக்கொண்டு விரைவில் அடிக்கு இறங்கும். வெந்நீரில் மண்டியே இல்லாமல் முழுவதும் கரைந்துவிடும் தூள், தொழிற்சாலையில் காய்ச்சி உலர்த்திய இன்ஸ்டன்ட் கோப்பி. அவசரத்துக்கு அது உதவும்; இந்தத் தேடலில் அதற்கு இடமில்லை.

பச்சைக் கொட்டையாக வாங்குபவர்கள் ஒரு கைப்பிடியைச் சுளகில் பரப்பிப் பார்க்கவேண்டும். குண்டூசி முனையளவு துளையுள்ளவை வண்டு குடைந்தவை. முழுக்கக் கறுத்தவை, உடைந்தவை, வெள்ளை பூத்தவை ஆகியவற்றையும் பொறுக்கி எறியுங்கள். சாக்குக்குள் கைவிட்டு முகரும்போது பூஞ்சண மணம் வந்தால் வாங்கவே வேண்டாம்; வறுத்தால் போய்விடும் என்று சொல்லப்படுவதை நம்பக்கூடாது. நம் நாட்டுச் சிறு தோட்டக்காரர்கள் பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்துவதே அதிகம். பாயில் அல்லது சீமெந்துத் தளத்தில் உலர்த்தியதா, வெறும் மண்ணில் உலர்த்தியதா என்று கேளுங்கள். மண்ணில் உலர்ந்த கொட்டைக்கு மண் வாசம் ஏறியிருக்கும்.

தண்ணீர்

ஒரு கோப்பைக் கோப்பியில் நூற்றுக்கு தொண்ணூற்றெட்டுப் பங்குக்கும் மேல் தண்ணீர். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி போன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பரப்பில், ஒரு வளவுக் கிணற்று நீரும் அடுத்த வளவுக் கிணற்று நீரும் ஒரே சுவையாக இருப்பதில்லை; கோடை முற்றும்போது சில கிணறுகளில் உவர்ப்பும் தலைகாட்டும். தேநீரின் சாயம் அதை ஓரளவு மறைத்துவிடும்; அராபிக்காவின் மெல்லிய சுவையால் மறைக்க முடியாது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தடிப்பாகப் பிடிக்குமானால் தண்ணீர் வன்மையானது. அது பழப்புளிப்பை மழுக்கிக் கோப்பியைச் சுண்ணாம்புச் சுவையாக்கும். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்பும் குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் தெரிந்தால், ஒரு சட்டியில் எடுத்துத் துணியால் மூடி இரவு முழுவதும் வைத்தால் பெருமளவு நீங்கும்.

ஐயமிருந்தால் ஒரே தூளை வீட்டுக் கிணற்று நீரிலும், குழாய் நீரிலும், ஒரு போத்தல் குடிநீரிலும் காய்ச்சி ஒரே நேரத்தில் குடித்துப் பாருங்கள். எந்தக் கொட்டையையும் குறைசொல்வதற்கு முன்னர் இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. பிறகு தேடல் முடியும்வரை தண்ணீரை மாற்றக்கூடாது.

வெப்பநிலை பற்றியும் ஒரு சொல். கடல் மட்டத்தில் இருக்கும் நமக்குத் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கோப்பிக்கு உகந்தது 92 முதல் 96 பாகை வரை. மலையகத்து நண்பர் கொதித்தவுடன் ஊற்றுமாறு சொன்னால் அவருடைய குசினிக்கு அது சரி. நாம் அடுப்பை அணைத்து, கேத்தல் மூடியைத் திறந்து, முக்கால் நிமிடம்வரை பொறுத்து ஊற்றவேண்டும்.

அரைப்பு

முழுக் கொட்டையாக வாங்கி, காய்ச்சுவதற்குச் சற்று முன் அரைப்பதே சிறந்தது; அரைத்த தூளின் வாசம் சில நாட்களிலேயே பெரிதும் போய்விடும். கையால் சுற்றும் கோப்பி அரைப்பான் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் வீட்டு மின் கிரைண்டரில், ஒரேயடியாக ஓடவிடாமல் சில செக்கன்கள் ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மீண்டும் ஓட்டி எடுக்கலாம். தொடர்ந்து ஓடினால் தூள் சூடேறும். ஒரு பாதி மாவாகவும் மறுபாதி நொய்யாகவும் நிற்கும். நம் முதல் முறைக்கு வேண்டியது ரவையளவு. உரலில் இடித்துத் தெள்ளியும் அந்த அளவைப் பெறலாம்; நேரம் எடுக்கும், ஆனால் சூடேறாது.

மில்லில் கொடுத்து அரைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாகக் கோப்பி விழுந்தால், அந்தத் தூளை எவ்வளவு நல்ல கொட்டையிலிருந்து எடுத்தாலும் காரம் தொண்டையைப் பிடிக்கும். அரிசி மா அரைத்த பின்னர் போடச் சொல்லிக் கேளுங்கள். முதலில் விழும் ஒரு பிடித் தூளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மில்லில் பெரும்பாலும் மிக நுண்ணிய தூளே வரும் என்பதால், கொஞ்சம் கரடுமுரடாக வேண்டும் என்பதை இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே சொல்லிவிடவேண்டும்.

காய்ச்சும் முறை: ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுதல்

தேடல் முடியும்வரை ஒரே முறையில் காய்ச்சவேண்டும். பில்டர், மோக்கா பானை, பிரெஞ்சு பிரெஸ், காகித வடி என்று முறைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரே கொட்டையிலிருந்து வேறுவேறு சுவையை எடுக்கும். கொட்டையும் முறையும் ஒருசேர மாறினால், எது எதனால் வந்தது என்பது தெரியாமற்போகும். ஊறவைத்து வடித்தலே தொடங்குபவருக்கு ஏற்றது. கை நடுங்கினாலும் நேரம் பத்துச் செக்கன் தவறினாலும் பெரிய பாதகம் வராத முறை அது.

ஒரு கோப்பைக்கு 15 கிராம் தூளும் 250 மில்லிலீற்றர் தண்ணீரும் எடுங்கள். தராசு இல்லாதபோது, தலைதட்டிய மூன்று மேசைக்கரண்டித் தூள் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். சாடியை வெந்நீரால் அலசிச் சூடாக்கி, தூளை இட்டு, முதலில் தூள் நனையுமளவு மட்டும் தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். அண்மையில் வறுத்த கோப்பியாயின், உள்ளே அடைபட்டிருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் நுரைத்துப் பொங்கும். பொங்காமல் சேறுபோல் கிடந்தால் அது பழைய கோப்பி என்பதை விற்றவர் சொல்லாமலே அறியலாம். மீதித் தண்ணீரை ஊற்றி, ஒருமுறை கிளறி, மூடி, முதல் தண்ணீர் ஊற்றியதிலிருந்து நான்கு நிமிடம் முடியும்வரை காத்திருங்கள். பின்னர் மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, வடியில் துணியை விரித்து மெதுவாக வடியுங்கள். மண்டியைப் பிழியவேண்டாம், பிழிந்தால் துவர்ப்பு இறங்கும்.

புதுத் துணியாயின் அதன் கஞ்சி போகும்படி ஒருமுறை கொதிநீரில் அவித்தெடுக்கவேண்டும். அதன்பின் சவர்க்காரம் படாமல் வெறும் தண்ணீரில் கழுவி வெயிலில் உலர்த்தினால் போதும்.

கொதிக்கும் தண்ணீரில் தூளைப் போட்டு அடுப்பிலேயே வேகவிடும் நம் வீட்டு வழக்கத்தை இந்தக் கட்டத்தில் ஒத்திவைப்பது நல்லது. மல்லியும் சுக்கும் கொதித்தால்தான் சாரம் இறங்கும் என்பதால் அந்த வழக்கம் கலவைத் தூளுக்குப் பொருத்தமானதே. தனிக் கோப்பியோ கொதிக்கக் கொதிக்கக் கசப்பைக் கக்கும். வாசம் குசினியில் பரவிக் கோப்பையில் இல்லாமற்போகும்.

அருகருகே வைத்துச் சுவைத்தல்

இன்று ஒரு கோப்பி, நாளை மற்றொன்று என்று குடித்து ஒப்பிடுவதில் பயனில்லை. நேற்றைய சுவையை நாக்கு நினைவில் வைத்திருப்பதில்லை. விலையையும் பொதியின் அழகையும் மனம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே மூன்று வகையையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே மாதிரியான கோப்பைகளில் எடுக்கவேண்டும். கோப்பிச் சுவைஞர்கள் தொழில்முறையில் 150 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 8.25 கிராம் தூளை நேரே கோப்பையில் இட்டு, நான்கு நிமிடத்தில் மேலே திரளும் தூள்தட்டை உடைத்து முகர்ந்து, கரண்டியால் சத்தமாக உறிஞ்சிச் சுவைப்பார்கள். வீட்டிலும் அதைச் செய்யலாம். வடிக்கும் வேலை இல்லை. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் வாசம் மூக்குக்கு ஏறுகிறது. விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சூடாக ஒரு முறையும், இளஞ்சூட்டில் ஒரு முறையும், ஆறிய பின்னர் ஒரு முறையும் சுவைத்துப் பார்க்கவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது எல்லாக் கோப்பியும் நல்லதாகத் தோன்றும். ஆறும்போதுதான் நல்ல அராபிக்காவில் இனிப்பும் பழச்சுவையும் மேலே வரும். கருகிய கோப்பியில் சாம்பல் சுவை தெரியும். கொப்பியில் எழுதும்போது பெரிய வருணனைகள் வேண்டாம். புளிப்பு எப்படிப்பட்டது, தோடம்பழம்போன்று இனிப்போடு கூடியதா, வினாகிரி போன்று கூர்மையானதா. கசப்பு விழுங்கியவுடன் போய்விடுகிறதா, நாக்கின் அடியில் நிற்கிறதா. வாய்க்குள் கனமாக இருக்கிறதா, தண்ணீராக இருக்கிறதா. இரண்டாம் முறை எந்தக் கோப்பையை நோக்கிக் கை போகிறது என்பவற்றைக் குறித்தால் போதுமானது. கடைசிக் கேள்வியின் விடையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

தமது தெரிவில் ஐயமுள்ளவர்கள், வீட்டிலுள்ள ஒருவரிடம் மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே கோப்பியையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி இடம் மாற்றிவைக்கச் சொல்லலாம். வேறானது எதுவென்று திரும்பத் திரும்பச் சரியாகச் சொல்ல முடியவில்லையாயின், இரண்டில் மலிவானதை வாங்குவதே அறிவுடைமை.

சுவையைத் திருத்துதல்

ஒரு கொட்டையைத் தள்ளிவிடுவதற்கு முன் அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். பிழை கொட்டையிலன்றிக் காய்ச்சியதில் இருக்கலாம். தூளிலிருந்து முதலில் புளிப்பும், அடுத்து இனிப்பும், இறுதியில் கசப்பும் துவர்ப்பும் தண்ணீருக்கு இறங்குகின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். கோப்பி கூர்மையாகப் புளித்து, வெறுமையாக இருந்தால் சாரம் போதியளவு இறங்கவில்லை; அடுத்த முறை சற்று நுண்ணியதாக அரையுங்கள், அல்லது ஒரு நிமிடம் கூட்டி ஊறவிடுங்கள். கசந்து நாக்கை இழுத்துப் பிடித்தால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது; கரடாக அரையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். இவற்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும்.

கடுமை என்பது வேறு விடயம். சுவை சரியாக இருந்தும் கோப்பி நீர்த்திருப்பதாகப் பட்டால், தூளை 15 கிராமிலிருந்து 17 அல்லது 18 கிராமாகக் கூட்டுங்கள். நம்மவர் பலர் இந்த இடத்தில் தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டிக் கொதிக்கவைக்கிறார்கள். கடுமை கேட்ட நாக்குக்குக் கசப்புத்தான் கிடைக்கிறது, அதை அடக்கச் சீனி இன்னொரு கரண்டி ஏறுகிறது.

வறுவல்

கொட்டையில் எது பிடித்தது என்று தெரிந்த பின்னர், துணிவுள்ளவர்கள் வறுவலையும் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம். 200 கிராம் பச்சைக் கொட்டையை அடி தடித்த தாச்சியிலோ மண்சட்டியிலோ இட்டு, நடுத்தர நெருப்பில், கை ஓயாமல் கிளறவேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகி, வைக்கோல் மணம் எழும்பி, பின்னர் பழுப்பாகும். பத்து நிமிடத்தையொட்டி, கொட்டையின் உட்சூடு 200 பாகையை அணுகும்போது படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். அது முதல் வெடிப்பு. அது ஓய்ந்தவுடன் இறக்கினால் நடுத்தர வறுவல். மேலும் விட்டால், 225 பாகையளவில் மெல்லிய நெரிவுச் சத்தத்தோடு இரண்டாம் வெடிப்புத் தொடங்கும். அதற்கப்பால் கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும், புகை கறுக்கும்.

நம் வீட்டு வறுவல் அந்த இரண்டாம் வெடிப்பையும் தாண்டிப்போவது. அந்த நிலையில் அராபிக்காவும் ரொபஸ்டாவும், பண்டாரவளையும் மாத்தளையும் ஒரே சுவையாகிவிடும், ஏனெனில் எஞ்சுவது வறுத்த நெருப்பின் சுவை மட்டுமே. மலிவான ரொபஸ்டாவின் மரச்சுவையை மறைக்க அது உதவும் என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். விலைகொடுத்து வாங்கிய அராபிக்காவை அப்படிக் கறுக்க வறுப்பதுதான் வீண்செலவு. வளைகுடா நாடுகளில் வேலைசெய்து திரும்பியவர்கள் உள்ள வீடுகளில் ஏலக்காய் இட்ட அரபுக் கோப்பியான கஹ்வாவைக் குடித்தவர்களுக்கு, பொன்னிறமாக வறுத்த கோப்பியும் கோப்பிதான் என்பதை விளக்கவேண்டியதில்லை.

இறக்கியவுடன் சுளகில் கொட்டி, புடைத்து, விசிறி ஆற்றவேண்டும்; தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் வறுபடும். புடைக்கும்போது உமிபோன்ற வெள்ளித்தோல் பறந்துவிடும். 200 கிராம் இட்டால் 170 கிராம் அளவில் மிஞ்சும். குறைந்தது ஒரு நாள் பொறுத்து அரையுங்கள். மூன்று, நான்கு நாட்களில் சுவை இன்னும் திரளும். புகை அதிகம் எழும் வேலை என்பதால் முற்றத்து அடுப்பே உகந்தது. கச்சான் காற்று வீசும் பருவத்தில் நெருப்பு நிலையாக நிற்காது. அதிகாலையில் வறுத்து முடித்துவிடுங்கள்.

மல்லியையும் பாலையும் மீண்டும் சேர்த்தல்

இத்தனைக்கும் பிறகு மல்லிக் கோப்பியே வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் சேர்மானத்தைக் கோப்பியோடு ஒன்றாக அரைத்து வைக்கவேண்டாம். மல்லியைத் தனியே, மணம் வரும்வரை மட்டும் இளவறுவலாக வறுத்து, சுக்கைத் தட்டி, இரண்டையும் பொடித்து வேறு போத்தலில் வையுங்கள். ஒரு பங்கு மல்லிப் பொடிக்குப் பத்துப் பங்கு கோப்பித்தூள் என்று தொடங்கி, விருப்பம்போல் கூட்டலாம். முதலில் அந்தப் பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கோப்பித்தூளின் மேல் ஊற்றி நான்கு நிமிடம் ஊறவைத்து வடித்தால், மல்லியின் சாரமும் கோப்பியின் வாசமும் இரண்டுமே நிற்கும். தடிமன், காய்ச்சல் நேரத்தில் கோப்பியைக் குறைத்து மல்லியைக் கூட்டிக்கொள்ளவும் இந்த ஏற்பாடு வசதி.

பாலோடு குடிப்பவர்களுக்கு என் பரிந்துரை, அராபிக்காவோடு ஒரு பங்கு ரொபஸ்டா கலப்பதுதான். நல்ல பசும்பால் கிடைக்கும் நம் ஊர்களில் தனி அராபிக்கா பாலுக்குள் அமிழ்ந்துபோகும். எருமைப்பாலாயின் சொல்லவே வேண்டாம். பாலுக்கு எடுக்கும் கோப்பியை 15 கிராம் தூளுக்கு 120 மில்லிலீற்றர் தண்ணீர் என்று தடிப்பாகக் காய்ச்சி, ஆடை கட்டுமுன் இறக்கிய சூடான பாலைச் சேருங்கள். பால்மாவானால் தனியே கரைத்துச் சேர்ப்பது கட்டி விழாமல் காக்கும். ரின்பால் கோப்பியின் சுவையை முழுவதும் விழுங்கிவிடும். அதற்கு மலிவான தூளே போதும். சீனியைக் கரைப்பதைவிட, கித்துள் கருப்பட்டியையோ பனங்கட்டியையோ கடித்துக்கொண்டு வெறுங்கோப்பியைக் குடிக்கும் பழைய வழக்கம், கோப்பியின் சுவையையும் இனிப்பின் சுவையையும் தனித்தனியே தருகிறது.

கர்ப்பிணிகள் நாளொன்றுக்குக் கஃபீனை 200 மில்லிகிராமுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. ரொபஸ்டாவில் ஒரு தடித்த கோப்பையே அந்த எல்லையை எட்டிவிடும். சோற்றோடு சேர்த்துக் கோப்பி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், இரத்தச்சோகை உள்ளவர்கள் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடவேண்டும்.

வைத்திருத்தலும் மீண்டும் வாங்குதலும்

காற்று, ஈரம், வெளிச்சம், சூடு ஆகிய நான்கும் கோப்பியைக் கெடுப்பவை. மாரிகாலத்து மட்டக்களப்பில் ஈரம் மற்ற மூன்றையும் முந்திவிடும். நன்றாக உலர்த்திய, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் முழுக் கொட்டையாக வைத்து, அடுப்பிலிருந்து விலகிய அலுமாரியில் வையுங்கள். பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் நல்லது. முன்பு கறித்தூள் வைத்த போத்தல் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால், ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் வியர்த்து ஈரமாகும், மீன் மணமும் பிடிக்கும்.

நாளுக்கு இரண்டு கோப்பை குடிக்கும் ஒருவருக்கு 250 கிராம் ஏறத்தாழ எட்டு நாட்களுக்கு வரும். வறுத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். ஒரே ஆளிடம் வாங்கினாலும், ஒரு போகத்துக் கொட்டையும் அடுத்த போகத்துக் கொட்டையும் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மழையும் உலர்த்திய விதமும் வறுத்தவரின் கையும் மாறும். ஆதலால் போத்தலில் கடைசி 15 கிராம் மிஞ்சும்போது அதைக் குடித்துவிடாமல் ஒதுக்கிவைத்து, புதிய பொதி வந்த அன்றே இரண்டையும் அருகருகே காய்ச்சிப் பாருங்கள். புதியது பின்தங்கினால், அந்த ஆளிடம் அடுத்த முறை 100 கிராம் மட்டும் கேட்டு வாங்குங்கள்.